ஈயம் பூசுபவரின் பெயர்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலைக்குச் சேரும் உள்ளூர்ப் பையன்களைத் திணறவைப்பது விண்ணப்பத்தில் இருக்கும் ‘சர்நேம்’ கட்டம்தான். ஒடிசா, பிகார்க்காரர்கள் கடகடவென எழுதிவிடுவார்கள். நம் ஆட்களில் ஒருவர் அப்பா பெயரை எழுதுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார், சிலர் வெறும் கோடு கிழித்துவிட்டு நகர்வார்கள்.

துருக்கியிலும் 1934 வரை ஏறக்குறைய இதே கதைதான். இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன தொழில் என்றால் ஆளைத் தெரிந்துவிடும். அந்த ஆண்டு ஜூன் 21-ல் நிறைவேறிய சட்டம், எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே தீரவேண்டும் என்றது. அதிபர் முஸ்தஃபா கெமாலுக்கு ‘அதாதுர்க்’ என்ற பெயரை நவம்பர் 24-ல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட்டுக் கொடுத்தது. சாதாரண ஜனங்களில் பலர் தொழிலையே பெயராகப் பதிந்துகொண்டார்கள். அப்படி நிலைத்த பெயர்களில் ஒன்று ‘கலய்ஜி’. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் என்று பொருள். பூசுபவரின் வாரிசு என்றால் ‘கலய்ஜியோலு’.

கடைசியில் நிற்கும் ‘ஜி’யை காந்திஜியில் வரும் மரியாதை ஜியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது தொழிலைக் குறிக்கும் துருக்கி விகுதி. நமக்கும் பழக்கமானதுதான்: கஜானாவைக் காப்பவர் கஜான்சி. தமிழக நீதிமன்றங்களில் இன்றும் ‘மசால்ஜி’ என்று ஒரு பணியிடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். தீப்பந்தம் பிடிப்பவர் என்பது பழைய பொருள். பந்தம் போய் மின்விளக்கு வந்தும் பதவிப் பெயர் மாறவில்லை. மசால் அரபு, ஜி துருக்கி. கலய்ஜியின் கட்டுமானமும் அச்சு அசல் இதேதான்.

‘கலய்’ அரபிலிருந்து வந்தது. வெள்ளீயத்தை அரபியர் ‘கலயீ’ என்றார்கள், அதாவது ‘கலா’ என்ற ஊரின் சரக்கு. 9, 10ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியல் நூல்கள் கலாவைக் கிழக்குக் கடலில் ஈயச் சுரங்கம் உள்ள துறைமுகம் என்கின்றன. அது மலேசியாவின் கெடா என்றே பலரும் கொள்கிறார்கள். அதே கரையில் இன்னும் வடக்கே தள்ளி வைப்பவர்களும் உண்டு. கெடா நமக்கு யார்? 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் படையெடுத்து ‘கடாரம் கொண்டான்’ என்று பெயர் வாங்கிய அதே கடாரம்தான். படையெடுப்புக்கு முன்பு உறவு நன்றாகவே இருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தையே கொடுத்ததை அந்த ஊர்ச் செப்பேடு சொல்கிறது.

‘கலயீ’ என்ற அந்தச் சொல் நம் அடுப்படிக்கும் வந்திருக்கிறது. நாம் ஈயம் பூசுவது என்கிறோம். ‘கலாய் பூசுதல்’ என்ற வழக்கும் தமிழில் உண்டு. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும், சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். அதனால் தெருவோரம் குழி வெட்டி, துருத்தி வைத்துக் கரியை ஊதி, பாத்திரத்தைச் சூடேற்றுவார்கள். உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவினதும் மூக்கைத் துளைக்கும் வெள்ளைப் புகை எழும்; அது அழுக்கை எடுத்துவிடும். அந்தச் சூட்டில் ஈயக்கம்பியை லேசாகத் தேய்த்தாலே உருகி ஓடும், வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் போதும். உடனே பஞ்சால் சுழற்றித் துடைக்க, பாத்திரம் வெள்ளிபோல் மின்னும். எவர்சில்வர் வந்த பிறகு இந்தத் தொழில் படுத்துவிட்டது. பிரியாணி தேக்சாக்களும், பித்தளைப் பாத்திரத்துக்குத் திரும்பிய சில வீடுகளும்தான் மிச்சமிருக்கிறவர்களுக்குச் சோறு போடுகின்றன.

ஆனால் வெள்ளீயத்துக்கு வேலை குறையவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செல்போனும் மின்னணுப் பலகைகளும் செய்யும் ஆலைகளில் பற்றவைக்கும் சால்டரில் பெரும்பங்கு அதுதான். முன்பு காரீயமும் கலந்தார்கள். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. இப்போது பரவலாகப் புழங்கும் கலவையில் நூற்றுக்கு 96.5 பங்கு வெள்ளீயம், 3 பங்கு வெள்ளி, அரைப் பங்கு செம்பு.

இவ்வளவு சொன்னதும், ‘கலாய்’ சோழர் கப்பலில் நேராக வந்து இறங்கியது என்று யாராவது பெருமை பேசக்கூடும். அகராதிகள் அதற்கு இடம் தரவில்லை. அரபுக்குப் போய், உருது வழியாகத்தான் அது தமிழுக்கு வந்தது. கடாரத்தோடு நேரடியாகப் புழங்கிய காலத்திலேயே நம்மிடம் ஈயம் என்ற சொல் இருந்தது. இன்னொன்றை இரவல் வாங்கத் தேவை வரவில்லை.