செங்கல் செங்கல்லாகப் பிரித்த வீடுகள்

ஆளில்லாமல் பாழடைந்த வீட்டைப் பொக்லைன் வைத்து இடித்தால் வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். மரமும் செங்கல்லும் காரையும் ஒன்றாகக் குழம்பி லாரியில் ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகும். அதே வீட்டைப் பிரிப்பது வேறு வேலை. கட்டியபோது கடைசியாக வைத்ததை முதலில் கழற்றி, முதலில் வைத்ததைக் கடைசியில் எடுக்க வேண்டும். கதவும் பலகையும் உத்திரமும் செங்கல்லும் மறுபடி பயன்படும் நிலையில் வெளியே வர வேண்டும். அமெரிக்காவில் 2018-ல் மட்டும் வீடு, சாலை, பாலம் எல்லாம் சேர்த்துக் கட்டுமானத்திலும் இடிப்பிலும் சேர்ந்த கழிவு 60 கோடி டன் என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இடிப்பிலிருந்து வந்தது. வீடு பிரிக்கும் வேலையைக் குப்பையைக் குறைப்பதோடு நிறுத்தாமல், நலிந்துபோன குடியிருப்புகளுக்கு உயிர் கொடுக்கும் வழியாகவும் முயன்று பார்த்த நகரங்களில் முக்கியமானது மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர்.

1950-ல் அங்கே 9,49,708 பேர் வசித்தார்கள். 2020-ல் மிஞ்சியவர்கள் 5,85,708 பேர். உருக்காலையும் துறைமுகமும் நகருக்குச் சோறு போட்ட காலம் போய்விட்டது. ஸ்பாரோஸ் பாயிண்ட் உருக்காலை 2012-ல் மூடப்பட்டது. ஆனால் வேலை போனது மட்டும் காரணமில்லை. கறுப்பர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், வெள்ளையர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று 1910-லேயே சட்டம் போட்ட நகரம் இது. உச்ச நீதிமன்றம் 1917-ல் அத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. அதன் பிறகும் 1930-களில் வீட்டுக்கடனுக்காக வரைந்த வரைபடங்களில் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டினார்கள். சிவப்புப் பகுதியில் கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லாமல் வீட்டைப் பழுது பார்க்க வழியில்லை, வாங்கவும் ஆள் வரமாட்டார்கள். 2010-களில் நகரில் ஏறத்தாழ 16,000 வீடுகள் காலியாகக் கிடந்தன. அவை பெரும்பாலும் இந்தப் பகுதிகளில்தான் நின்றன.

பால்டிமோரின் வீடுகள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்பவை அல்ல. பன்னிரண்டு, பதினான்கு அடி அகலத்தில், தெரு நெடுக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர். ஒரு வீட்டின் கூரை ஒழுக ஆரம்பித்தால் உத்திர முனை நனைந்து உளுக்கும், பின்சுவர் சாயும், பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் சுவரில் ஓதம் ஏறும். ஆள் இருக்கும் வீட்டையும் காலி வீடு இப்படித்தான் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்ட்ரிக்கர் தெருவில் 2022 ஜனவரியில் ஒரு காலி வீடு தீப்பிடித்து இடிந்து விழுந்ததில் தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள்.

அந்த வீடுகளுக்குள் இருக்கும் பொருளோ சாதாரணமானதல்ல. வாசலில் நகருக்கு வடக்கே காக்கீஸ்வில்லில் வெட்டிய வெள்ளைப் பளிங்குப் படி. நம் வீடுகளில் வாசல் தெளிப்பது போல, அந்தப் படிகளைத் தேய்த்துக் கழுவி வெளுப்பாக வைத்திருப்பது அங்குள்ள பெண்களுக்குத் தலைமுறை வழக்கமாக இருந்தது. தரைக்கும் கூரைக்கும் தாங்கலாக இருக்கும் உத்திரங்களில் பல, தென்மாநிலங்களில் வளர்ந்த நீள்இலைப் பைன் மரம். வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த அந்தக் காடு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் பெரும்பகுதி வெட்டித் தீர்க்கப்பட்டது. மெதுவாக வளர்ந்த மரம் என்பதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். நடுப்பகுதி வைரம் பாய்ந்து, பிசின் ஊறி, எடை கூடி நிற்கும். நூறு வருஷம் சுவருக்குள் கிடந்து கறுத்த உத்திரத்தை இழைத்தால், மேல்தோல் போனதும் தேன் நிறமும் கருஞ்சிவப்பும் கலந்த ரேகை தெரியும், பிசின் வாசனை எழும். இன்றைக்கு மரக்கடையில் கிடைக்கும் புதுப் பைன் பலகை இதற்கு ஈடாகாது. அந்தக் காட்டின் பெரும்பகுதியைத் திரும்பப் பார்க்க வழியில்லை. அதில் ஒரு பங்கு இப்போது இருப்பது இந்தப் பாழ் வீடுகளின் மச்சுக்கு அடியில்தான்.

செங்கல்லுக்கும் ஒரு யோகம் வாய்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய சுவர்களைச் சுண்ணாம்புக் காரையால் கட்டினார்கள். சுண்ணாம்பு செங்கல்லைவிட மென்மையானது. கைச்சுத்தியலால் பக்கவாட்டில் நாலு தட்டு தட்டினால் காரை பொரிந்து உதிர்ந்து செங்கல் முழுசாகக் கையில் வரும். சிமெண்ட் வைத்துக் கட்டிய சுவரில் அது நடக்காது, காரைக்கு முன்னால் கல் உடைந்துவிடும். ஆகவே வீட்டின் வயது கூடக்கூடப் பிரிப்பவருக்கு லாபம். எல்லாச் செங்கல்லும் ஒரே தரமில்லை. முகப்புக்கு வைத்தது நன்றாகச் சுட்ட கல், மழையைத் தாங்கும். உள்வரிசைக்கு வைத்தது சூளையில் தீ போதாமல் வெந்த வெளிர் நிறக் கல், அதை வெளிச்சுவரில் வைத்தால் சில குளிர்காலங்களில் பொரிந்து போகும். பிரிக்கும்போதே இரண்டையும் தனித்தனியாக அடுக்கத் தெரிய வேண்டும்.

வேலை தொடங்குமுன் மின்சாரம், எரிவாயு, தண்ணீர் இணைப்புகளைத் துண்டித்து, கல்நார் இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வைத்து அகற்றுகிறார்கள். அடுத்து கதவு, நிலை, வண்ணக் கண்ணாடி, கணப்பின் சட்டம், வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி. பிறகு தளப்பலகை. ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையின் காடியில் மாட்டியிருப்பதால், ஓரத்திலிருந்து வரிசையாக நெம்பிக்கொண்டே வர வேண்டும். நடுவில் கடப்பாரை போட்டால் காடி பிளந்துவிடும். கூரை போன பின் மேலிருந்து கீழாக உத்திரங்களையும் சுவரையும் சேர்த்தே இறக்குகிறார்கள். உத்திர முனைகள் பொதுச்சுவருக்குள் செருகியிருப்பதால், பக்கத்து வீட்டை அசைக்காமல் அவற்றை உருவுவதுதான் கைத்திறன். இறக்கிய மரத்தைப் பலகைமேல் கிடத்தி ஆணி பிடுங்குவது தனி வேலை. ஒரே ஓர் ஆணி உள்ளே தங்கினாலும் அறுவை வாள் பல்லுடைந்து போகும்.

பழைய வீடுகளில் இன்னொரு பொருளும் இருக்கிறது, ஈயம் கலந்த பெயிண்ட். வீட்டுக்குள் அதைப் பூசக்கூடாது என்று பால்டிமோர் 1951-லேயே தடுத்தது, நாடு முழுவதும் தடை வந்தது 1978-ல். அதற்கு முன் பூசியதெல்லாம் சுவரிலும் ஜன்னலிலும் அப்படியே ஒட்டியிருக்கிறது. கிழக்கு பால்டிமோரில் இயந்திரம் வைத்து வரிசை வீடுகளை இடித்தபோது, சுற்றுப்புறத்தில் படிந்த ஈயத் தூசி பல மடங்கு கூடியதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். பெயிண்ட் பூசிய மரத்தை உடைக்காமல் முழுதாகக் கழற்றி, தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் செய்யும் நேரடிப் பாதுகாப்பு.

இத்தனைக்கும் வேண்டியது ஆள். ஓர் இயந்திரமும் ஓரிருவரும் முடிக்கும் வேலைக்கு ஒரு குழு ஒன்றிரண்டு வாரம் உழைக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவருக்கு இது செலவு. வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவிக்கும் பேட்டைக்கு அதுதான் வரவு. ஹியூமானிம் என்ற தொண்டு நிறுவனம் 2010-களில் இதைப் புரிந்துகொண்டு இறங்கியது. அப்போது அதன் தலைமையகமே, பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து புதுப்பிக்கப்பட்ட 1887-ஆம் ஆண்டு பீர் ஆலைக் கட்டடம். வீடுகளைப் பிரிக்க டீட்டெய்ல்ஸ் என்ற அமைப்பையும், கிடைத்த மரத்தையும் செங்கல்லையும் சுத்தம் செய்து விற்க ப்ரிக் பிளஸ் போர்டு என்ற அமைப்பையும் அது தொடங்கியது. சிறைக்குப் போய் வந்தவர்கள் உள்பட, எங்கும் வேலை கிடைக்காதவர்களை அழைத்துப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தது. அமெரிக்க வனத்துறை கைகொடுக்க, அந்த உத்திரங்கள் ரூம் அண்ட் போர்டு என்ற மரச்சாமான் நிறுவனத்திடம் போய் மேசையாகவும் அலமாரியாகவும் கடைக்கு வந்தன.

இதே செங்கல் ஓர் ஊரை அழித்த கதையும் உண்டு. செயிண்ட் லூயிஸ் நகரில் திருடர்கள் காலி வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். மரம் எரிந்து, தீயணைப்புக் குழாயின் தண்ணீர் வேகத்தில் காரை இளகிய பிறகு, சுவரைச் சாய்த்துச் செங்கல்லை அள்ளித் தென்மாநிலங்களுக்கு விற்றார்கள். வாங்கியவருக்குக் கிடைத்தது அதே அழகான பழஞ்செங்கல்தான். பணம் மட்டும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. பிரிப்பவர் யார், கூலி யார் வீட்டுக்குப் போகிறது என்பதைப் பார்க்காமல், பழைய பொருள் மறுபடி பயன்படுகிறது என்று மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது சரியல்ல.

பணக் கணக்கில் சிக்கல்கள் இருக்கின்றன. தன் வீட்டைப் பிரித்துப் பொருளைத் தொண்டு நிறுவனத்துக்குத் தானம் செய்யும் வசதிக்காரருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும். பாழ் வீடு நகராட்சியின் கையில் இருந்தால் அந்தச் சலுகைக்குப் பொருளே இல்லை. பிரித்தெடுத்த மரத்துக்குத் தர முத்திரை இல்லாததால், எத்தனை வலுவிருந்தாலும் புது வீட்டில் பாரம் தாங்கும் இடத்தில் அதை எளிதில் வைக்க முடியாது. பெரும்பாலும் தரைக்கும் மேசைக்கும்தான் போகிறது. ஆகவே இடிப்புக்கு அரசு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு பிரிப்புக்கு வராமல் வேலை நிலைக்காது. மேரிலாந்து மாநிலம் 2016-ல் பால்டிமோரின் காலி வீடுகளை அகற்றப் பெரும் திட்டம் ஒன்றை அறிவித்தது. நான்கு ஆண்டுகளில் ஏழரைக் கோடி டாலர் அதன் அளவு.

ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாந்து சட்டத்தையே கையில் எடுத்தது. 1916-க்குள் கட்டிய வீட்டை அகற்றுவதென்றால் பிரித்துத்தான் அகற்ற வேண்டும் என்று 2016-ல் விதித்து, 2020-ல் அதை 1940 வரை கட்டிய வீடுகளுக்கு நீட்டியது. மில்வாக்கியும் அப்படிச் சட்டம் போட்டது. வேலை தெரிந்த ஒப்பந்தக்காரர்கள் போதாமல் செலவு ஏறவே அதை நிறுத்தி வைத்தது. முதலில் ஆட்களைப் பழக்காமல் சட்டம் மட்டும் போட்டால் வரும் விளைவு இது.

வீடு போன பின் இடம் மிஞ்சுகிறது. வரிசையின் நடுவில் ஒரு வீட்டை எடுத்தால், அதுவரை உள்ளே மறைந்திருந்த பொதுச்சுவர் மழைக்கும் பனிக்கும் முகம் கொடுக்கும். அதில் பெரும்பாலும் வைத்திருப்பது சூளையில் சரியாக வேகாத அந்த வெளிர் செங்கல். உத்திரம் செருகியிருந்த பொந்துகளை அடைத்து, சுவர் முழுக்கப் பூச்சு பூசி, மண்ணை நிரவித் தண்ணீர் தெருப்பக்கம் ஓடும்படி வாட்டம் வைத்த பிறகுதான் குழு அங்கிருந்து கிளம்பலாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இன்னமும் குடியிருக்கிறது.