சாய்கோட்டில் தடுக்கிய நிரல்

செபராங் ஜெயாவில் ஒரு கோயில் சங்கமோ டியூஷன் மையமோ, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சான்றிதழ்க் கோப்பு தயாரிக்கப் பைத்தானில் சிறு நிரல் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். 'குமரன் ஏ/எல் மாறன்' வந்ததும் நிரல் விழும். அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை என்கிறது பிழைச்செய்தி. புதுக் கோப்பை எழுதப்போன இடத்தில் இப்படியொரு பதில்! மலேசியத் தமிழர் பலரின் அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு முன்னே வரும் அந்தச் சாய்கோட்டை, கணினி கோப்புறைகளைப் பிரிக்கும் குறியாகவே படிக்கிறது. 'குமரன் ஏ' என்றொரு கோப்புறையைத் தேடி, காணாமல் கைவிரிக்கிறது.

பைத்தானோடு சேர்ந்தே வரும் 'பிடிபி' என்ற டிபக்கருக்குள், அதாவது பிழை தேடும் கருவிக்குள், இதே நிரலை ஓட்டினால், விழுந்த கணத்தோடு எல்லாம் அழிந்துவிடுவதில்லை. மாறிகளின் மதிப்புகளும், எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற அடுக்கும் நினைவகத்தில் அப்படியே நிற்கும். 'டபிள்யூ' என்ற கட்டளை அந்த அடுக்கைக் காட்டும். 'யு' ஒரு படி மேலே, அழைத்த செயற்கூறுக்குக் கூட்டிப்போகும். 'பி' மாறியின் மதிப்பைச் சொல்லும். பெயர்தான் பிழைச்செய்தியிலேயே இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். செய்தி சொல்வது தடுக்கிய ஒரு பெயரை மட்டுமே. முழுப் பட்டியலும் கையில் இருக்கும்போதே, சாய்கோடு உள்ள பெயர்கள் மொத்தம் எத்தனை என்று அங்கேயே எண்ணிவிடலாம். 'ஏ/பி' போட்ட பெண்களும் பின்னால் காத்திருப்பது தெரியவரும். சாய்கோட்டை இடைக்கோடாக மாற்றும் வரியை அதே பெயரில் ஓட்டிப் பார்க்கலாம். ஆங்காங்கே 'பிரிண்ட்' போட்டுத் தேடுவது கேவலமல்ல. ஆனால் அதற்கு, என்ன கேட்க வேண்டும் என்பது நிரல் விழுமுன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி விழுந்த நிரலின் நிலை கையில் கிடைக்கிறது என்றதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று எதிர்பார்ப்போர் உண்டு. முடியாது. பிழை நிரலை வீழ்த்தியபின் நடப்பது பிரேதப் பரிசோதனைதான். 'சி' தட்டினால் நிரல் முதலிலிருந்து ஓடும். சான்றிதழ்களை மின்னஞ்சலிலும் அனுப்பும் நிரலானால், ஏற்கெனவே போனவை மறுபடி போகும். தொடர வேண்டுமானால் பிழைக்கு முந்தைய வரியிலேயே நிறுத்த வேண்டும். 2018இல் வந்த பைத்தான் 3.7 முதல் 'பிரேக்பாயிண்ட்' என்ற ஒரே அழைப்பு அதற்குப் போதும். பெயரைக் கையால் திருத்திவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். சாய்கோடு இருந்தால் மட்டும் நிற்கும்படி நிபந்தனை வைப்பது நல்லது, இல்லையேல் ஒவ்வொரு பெயருக்கும் நின்று பொறுமையைச் சோதிக்கும். இவ்வளவு பாடு எதற்கு, 'ட்ரை', 'எக்செப்ட்' போட்டுப் பிழையை விழுங்கிவிட்டால் ஆகாதா? ஆகும், நிரல் ஒரு குறையும் சொல்லாமல் ஓடி முடியும். சான்றிதழ் வராதவர்கள் மட்டும் எல்லாரும் ஏ/எல், ஏ/பி பெயர்க்காரர்களாக இருப்பார்கள்.