எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் போதுமா?

வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வந்தார். "காக்கா, இதை லேப்டாப்பில் செருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வருது. உள்ளே ஒன்றுமே தெரியலை" என்றார். அவருடைய நிக்காஹ் வீடியோ, பிள்ளைகளின் சிறு வயதுப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், மர்ஹூம் வாப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது எடுத்த படங்கள், அவர் பேசிப் பதிவு செய்த குரல் எல்லாம் அதில்தான் இருந்தன.

"வேறு பேக்கப் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இதுதானே காக்கா பேக்கப்!" என்றார்.

லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் கட் செய்து எக்ஸ்டர்னலில் பேஸ்ட் செய்திருக்கிறார். அதாவது பிரதி எடுக்கவில்லை. இருந்த ஒரே பிரதியை இடம் மாற்றியிருக்கிறார். தரவு மீட்புக் கூடத்துக்கு அனுப்பி, பல ஆயிரம் செலவழித்த பிறகு படங்களில் ஒரு பகுதி கிடைத்தது. வாப்பாவின் குரல் கிடைக்கவில்லை.

நம் வீடுகளில் பெரும்பாலும் இதே நிலைதான். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றாலே பாதுகாப்புப் பெட்டகம் என்று நினைத்துக் கொள்கிறோம். ஆனால் கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கைப் போலவே அதுவும் தேயும், கீழே விழும், ஒருநாள் நின்றுபோகும். எனவே கணினியின் உள் டிஸ்க்குக்கும் பேக்கப் வேண்டும், எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கும் பேக்கப் வேண்டும். ஒரு கோப்பு இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் இருந்தால்தான் அதற்குப் பேக்கப் இருக்கிறது என்று பொருள்.

இதைச் செய்ய உதவுபவைதான் குளோனிங் மென்பொருள்கள். பழைய ப்ரௌசிங் சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்கு 'கோஸ்ட்' நினைவிருக்கும். ஒரு கணினியில் விண்டோஸ் போட்டு, அதை அப்படியே மற்ற பத்துக் கணினிகளிலும் இறக்கிவிடுவார்கள். 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவான மென்பொருள் அது. பிறகு நார்ட்டன் பெயரில் வந்து 2013-இல் நிறுத்தப்பட்டது. அந்த வேலையை இன்று இலவசமாகச் செய்பவை குளோன்ஸில்லாவும் ரெஸ்க்யூஸில்லாவும். தைவானில் உருவான குளோன்ஸில்லா திறமையானது. ஆனால் அதன் திரை பழைய டாஸ் காலத்து எழுத்துத் திரை போல இருக்கும். ரெஸ்க்யூஸில்லா மவுஸால் சொடுக்கிச் செய்யக்கூடியது. வீட்டு உபயோகத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். பழைய யூடியூப் வீடியோக்கள் பலவற்றில் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசம் என்று சொல்வார்கள். அதன் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

குளோனிங் மென்பொருள் இரண்டு விதமாக நகலெடுக்கும். இந்த வேறுபாடு புரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் வகை குளோன். ஒரு டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் அச்சாக அப்படியே இறக்குவது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டும்போது இதுதான் வழி. விண்டோஸ், புரோகிராம்கள், கோப்புகள் எதையும் மறுபடி போட வேண்டியதில்லை. இரண்டாவது வகை இமேஜ். டிஸ்க்கின் முழு நிலையையும் சுருக்கி, ஒரு ஃபோல்டருக்குள் கோப்புகளாகச் சேமிப்பது. காலி இடத்தை விட்டுவிட்டுத் தரவை மட்டும் எடுப்பதால் 500 ஜிபி டிஸ்க்கில் 150 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால், இமேஜ் அதைவிடச் சிறியதாகவே இருக்கும். ஒரே எக்ஸ்டர்னலில் வீட்டிலுள்ள இரண்டு மூன்று கணினிகளின் இமேஜையும் வைத்துக் கொள்ளலாம். கணினியின் உள் டிஸ்க்குக்கு இமேஜ், எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் குளோன் என்பது என் பழக்கம்.

செய்யும் முறை கடினமல்ல. ரெஸ்க்யூஸில்லாவின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மூலம் ஒரு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுப்பது நல்லது. பிறகு விண்டோஸை முழுமையாக அணைக்க வேண்டும். இங்கேதான் பலர் சிக்கிக் கொள்கிறார்கள். சாதாரணமாக ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்நிலையில் டிஸ்க்கை நகலெடுக்க முடியாது என்று மென்பொருள் மறுத்துவிடக்கூடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும். அடுத்து பென்டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்யும்போது பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப் 12, எச்பியில் எஃப் 9. பென்டிரைவைத் தேர்வு செய்தால் ரெஸ்க்யூஸில்லா திறக்கும்.

அதில் 'பேக்கப்' என்ற பொத்தானை அழுத்தினால், எந்த டிஸ்க்கை நகலெடுக்க வேண்டும், எந்த டிஸ்க்கில் சேமிக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். முடிந்ததும் 'வெரிஃபை இமேஜ்' கொடுத்துச் சரிபாருங்கள். நேரம் எவ்வளவு ஆகும் என்பது பெரும்பாலும் கேபிளைப் பொறுத்தது. 500 ஜிபி தரவை பழைய யூஎஸ்பி 2 துளை வழியாக அனுப்ப 4 மணி நேரம் ஆகலாம். அதே வேலை யூஎஸ்பி 3-இல் ஒன்றரை மணி நேரத்தில் முடியக்கூடும். துளைக்குள் நீல நிறம் இருந்தால் அது பெரும்பாலும் யூஎஸ்பி 3. லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைக் கழற்றாதீர்கள். கரண்ட் போகும் நேரம் தெரிந்தால் அதைத் தவிர்த்து ஆரம்பியுங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் குளோன் செய்யும்போது 'குளோன்' பொத்தான். இதில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. மூல டிஸ்க் எது, இலக்கு டிஸ்க் எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க் உங்கள் படங்களின் மேல் நகலாகிவிடும், எல்லாமே போய்விடும். பெயரும் அளவும் திரையில் தெரியும். இரண்டுமே ஒரே கம்பெனியின் 1 டிபி டிஸ்க் என்றால் குழப்பம் வரும். அதனால் இரண்டாவது டிஸ்க்கை வேறு கம்பெனியில், பெரிய அளவில் வாங்கச் சொல்கிறேன். பெரிய அளவு என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1 டிபி என்று விற்கப்படும் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி அதிலும் சிறு வேறுபாடு இருக்கலாம். இலக்கு சற்றே சிறியதாக இருந்தாலும் குளோன் நின்றுவிடும். 1 டிபிக்கு 2 டிபி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

குளோன் முடிந்ததும் பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் விண்டோஸ் கணினியில் செருகாதீர்கள். இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து, 'இனிஷியலைஸ்' என்று கேட்கும் இடத்தில் சரி கொடுத்துவிடாதீர்கள்.

விண்டோஸ் 11 லேப்டாப் வைத்திருப்பவர்கள் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். பலவற்றில் நமக்குத் தெரியாமலேயே பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றும்போது கணினி அதைக் கேட்கலாம். பூட்டிய டிஸ்க்கை இமேஜ் எடுத்தால் காலி இடமும் சேர்ந்தே நகலாகும் என்பதால் இமேஜ் பெரிதாக வரும், பயப்பட வேண்டாம்.

டிஸ்க் ஏற்கெனவே டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. உடனே கழற்றி வைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது, ஃப்ரீஸரில் வைத்து எடுப்பது போன்ற கைவைத்தியம் எல்லாம் மீட்பு வல்லுநரின் வேலையைத்தான் கெடுக்கும்.

எடுத்த பேக்கப்பை எங்கே வைப்பது? லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே, அதே மேசையில் வைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், மற்றொன்று லாத்தா வீட்டிலோ மச்சான் வீட்டிலோ மேல்தட்டில் இருக்கட்டும். எப்போதும் கணினியில் செருகியே வைத்திருக்கவும் கூடாது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள், கணினியோடு இணைந்திருக்கும் எக்ஸ்டர்னலையும் சேர்த்தே பூட்டிவிடும்.

வேறு வீட்டில் வைக்கிறோம் என்றால் வீட்டுப் பெண்களின் படங்கள் அதில் இருப்பதையும் யோசிக்க வேண்டும். வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போடலாம். கடவுச்சொல்லை மறந்தால் திறக்க வேறு வழியில்லை. எனவே வீட்டில் இருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். எஸ்எஸ்டி மாட்டிய பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வராதீர்கள். டெலிட் செய்தாலும், சாதாரண ஃபார்மேட் செய்தாலும் படங்களை மீட்டெடுக்க முடியும். கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். கணினியின் இமேஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். எக்ஸ்டர்னலை ஒருமுறை குளோன் செய்துவிட்டால், அதன்பின் புதிதாகச் சேர்ந்த படங்களை மட்டும் இரண்டாவது டிஸ்க்கிலும் காப்பி செய்து வரலாம். கட் அல்ல, காப்பி. இரண்டாவது டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய வீடியோ ஒன்றையும் புதிய படம் ஒன்றையும் திறந்து பாருங்கள். திறந்தால், அன்றைய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி டிஸ்க்கின் மேல் ஒட்டிவிடுங்கள்.