முறிந்த உறவுக்கு ஒரு முதல் மடல்

தம்மோடு உறவு பாராட்டுவோரிடம் மட்டும் உறவு பாராட்டுபவர் உறவைப் பேணியவர் ஆகமாட்டார். தம்மை வெட்டிக்கொண்டு போனவரையும் வலியச் சென்று சேர்த்துக்கொள்பவரே உறவைப் பேணியவர் ஆவார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த நெறி இது. கேட்டுத் தலையசைப்பது எளிது. பதினைந்து ஆண்டுகளாகப் பேச்சற்றுப் போன பெரியத்தா வீட்டுக்கு ஓர் இன்லண்டுக் கடிதம் எழுத அமரும்போதுதான் இந்நெறியின் கடினம் நமக்கு விளங்கும்.

கணவாய்க்கு அப்பால்

கொங்கு நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தூரத்து உறவுகள் உண்டு. கோவைக் கோட்டைமேட்டில் வாழ்வோருக்குப் பள்ளபட்டியிலோ உடுமலையிலோ உறவினர் இருப்பர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலும் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் வாழ்கின்றன. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை இரண்டும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தவையே. மாநில எல்லையால் பிரிக்க முடியாத உறவைப் பல வீடுகளில் பாகப்பிரிவினை பிரித்துவிட்டது என்பதுதான் வருத்தத்திற்குரிய உண்மை.

கோவையில் ஒரு வீட்டில் மகளுக்கு நிக்காஹ் பேசி முடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் தந்தைக்குப் பெரியத்தா பாலக்காட்டில் இருக்கிறார். சொத்துப் பிரிந்த நாளில் எழுந்த கடுஞ்சொல் ஒன்றால் இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அழைக்காவிட்டால் பகை முற்றும். அழைப்பிதழை மட்டும் அஞ்சலில் சேர்த்தாலோ, ஊராருக்கு அனுப்பியதுபோல் நமக்கும் அனுப்பிவிட்டார்கள் என்று அம்முதியவர் மனம் நோவார். ஆகவே, அழைப்பிதழுக்கு முன்னே ஒரு மடல் போய்ச் சேர வேண்டும். அம்மடலை எவ்வாறு எழுதுவது?

கிணற்றைக் கூறாத நபி

அருள்மறை திருக்குர்ஆன் கூறும் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. உடன்பிறந்தோரே அவர்களைப் பாழுங்கிணற்றில் தள்ளினர். அடிமையாக விற்கப்பட்டு, சிறையில் வாடி, பின்னர் எகிப்தின் உயர் பதவியில் அமர்ந்தபோது அதே சகோதரர்கள் வந்து நின்றனர். அன்று யூசுப் நபி அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பின்னர்க் குடும்பம் முழுவதும் ஒன்று கூடியபோது, இறைவன் தமக்குச் செய்த பேருதவிகளை எண்ணிக் கூறினார்கள். சிறையிலிருந்து விடுவித்ததைக் கூறினார்கள். கிணற்றிலிருந்து மீட்டதைக் கூறவில்லை. கூறியிருந்தால் சகோதரர்கள் தலைகுனிந்திருப்பர் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். நடந்த பிளவுக்கும் ஷைத்தானின் தூண்டுதலையே காரணமாகச் சொன்னார்கள். நயம் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுமோ? நாம் எழுதும் மடலிலும் கிணற்றைக் கூறலாகாது.

பெறுபவரின் மரபை மதிப்பதும் நயமே. அண்ணலார் அயல்நாட்டு அரசர்களுக்கு மடல் விடுத்த காலத்தில், முத்திரையில்லா மடலை அவ்வரசர்கள் படிப்பதில்லை என்று சொல்லப்பட்டது. உடனே வெள்ளியில் முத்திரை மோதிரம் ஒன்று செய்துகொண்டார்கள். ரோமப் பேரரசர் ஹிராக்ளியஸை, ரோமரின் தலைவர் என்ற மதிப்புக்குரிய பெயராலேயே விளித்தார்கள்.

எழுதும் முறை

நம் வீட்டு மடலும் அம்முறையிலேயே அமையட்டும். ஒரு மாதிரியைக் காண்போம்:

“அன்புள்ள பெரியத்தா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம். தாங்களும் பெரியம்மாவும் நலமுடன் இருக்க துஆச் செய்கிறோம். இத்தனை ஆண்டுகள் தங்களைக் காண வராதது என் குறையே. சிறு வயதில் தாங்கள் என்னைத் தோளில் சுமந்து பெருநாள் தொழுகைக்கு அழைத்துச் சென்றது இன்றும் நினைவில் இருக்கிறது. தங்கள் பேத்திக்கு நிக்காஹ் பேசியிருக்கிறோம். நாள் குறிக்குமுன் தங்கள் துஆவை வேண்டி இதை எழுதுகிறேன். தாங்கள் இசைந்தால் நேரில் வந்து அழைக்கிறேன். வஸ்ஸலாம்.”

இதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். பிழை யாருடையது என்ற வழக்கு இல்லை. மாப்பிள்ளை வீட்டுச் செல்வத்தின் பெருமை இல்லை. பண உதவி கேட்கும் குறிப்பும் இல்லை. தன் குறையை ஒரே வரியில் ஒப்பிவிட்டு, பெரியவர் செய்த நன்மை ஒன்றை நினைவூட்டி, முடிவை அவரிடமே விட்டுவிடுகிறது.

மடலைத் திறந்த அஞ்சலட்டையில் எழுதாமல், மூடிய இன்லண்டில் எழுதுவது நலம். பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுத வேண்டும். முதியவரின் கண் மங்கியிருக்கலாம்; மலையாளப் பள்ளியில் படித்த பேரப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்ட நேரலாம். அவ்வீட்டு மருமகள் கேட்கக் கூடாத சொல் ஒன்றும் அதில் இருத்தலாகாது.

நயமும் நேர்மையும்

ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெண் மக்களுக்கும் பெற்றோர் சொத்தில் பங்கு உண்டு என்று திருமறை வரையறுத்துள்ளது. ஆண்மகன் பெறுவதில் பாதி அவர்களுக்குரியது. உடன்பிறந்தாளின் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அவளுக்கு இனிக்க இனிக்க மடல் எழுதுவது நயமன்று, ஏமாற்று. பிரிவுக்குக் காரணம் நாம் தர வேண்டிய பங்கு என்றால், அதைத் தந்து தீர்க்கிறேன் என்ற ஒரு வரி அம்மடலில் தெளிவாக இடம்பெற வேண்டும். அவ்வரி இல்லையேல் மற்ற வரிகளால் பயனில்லை.

கைப்பேசியில் உடனே பேசிவிடலாமே என்று கேட்கலாம். நெடுநாள் பேசாத இருவர் திடீரெனப் பேசினால், மூன்றாம் சொல்லிலேயே பழைய வழக்கு தலைதூக்கக்கூடும். மடலோ எழுதுபவருக்கும் அவகாசம் தருகிறது. படிப்பவருக்கும் அவகாசம் தருகிறது. நூறு பேருக்கு ஒருசேர அனுப்பும் பெருநாள் வாழ்த்துப் படம் அம்மடலுக்கு ஈடாகாது.

மடலைப் பெற்றவருக்கும் கடமை உண்டு. சலாமுக்குப் பதில் கூறுவதுபோலவே மடலுக்கு மறுமொழி தருவதும் கடமை என்பது நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. மறுமொழி வராவிட்டால்? அடுத்த பெருநாளுக்கு மீண்டும் எழுதுவோம். மறுமொழியை எதிர்பார்த்தே எழுதினால், நாம் கைம்மாறு தேடுபவர்களே அன்றி உறவைப் பேணுபவர்கள் அல்லோம்.

இன்று ஜும்ஆத் தொழுது இல்லம் திரும்பியதும், நாம் எழுதாமல் தள்ளிப்போட்ட அந்த ஒரு மடலை எழுத வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!