கடலோர சைக்கிளுக்கு காஸ்ட்லி பார்ட்ஸ் தேவையா?

மாமல்லபுரம்:

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பகுதிகளில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு பெரிய தலைவலி துரு. சுமார் 30 கி.மீ. உள்ளே தள்ளியிருக்கும் செங்கல்பட்டில் இந்த அளவுக்கு கிடையாது. எல்லாம் உப்புக் காற்று செய்யும் வேலை. கடற்கரை கோவில் கல்லையே அரிக்கும் காற்று, இரும்பை சும்மா விடுமா?

அப்படியானால் கூடுதல் காசு கொடுத்து நல்ல பார்ட்ஸ் போடலாமா? எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

முதல் செலவு பிரேக்குக்குத்தான். சாதாரண சைக்கிளில் வருவது குரோம் முலாம் பூசிய இரும்பு ரிம். மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை அதில் வழுக்கும். பிரேக் பிடித்தாலும் சைக்கிள் சட்டென்று நிற்காது. கிழக்கு கடற்கரை சாலையில் வண்டிகள் பறக்கிற வேகத்துக்கு இது விளையாட்டல்ல. அலுமினிய ரிம்மில் பிடிப்பு நன்றாக இருக்கும், செந்துருவும் பிடிக்காது.

பிரேக் ஒயர், ஸ்போக்ஸ் கம்பி இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது. சாதாரண ஒயர் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே தெரியாது, ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும்.

செயினுக்கு அதிகம் கொட்ட வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்தாலும் எண்ணெய் போடாவிட்டால் கெட்டுவிடும். மேல் எண்ணெயை துணியால் துடைத்துவிடுங்க, இல்லாவிட்டால் மணல் ஒட்டும்.

கியர்? மேடே இல்லாத கடலோரத்தில் எதிர்காற்றுக்கு கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

பிளஸ்-1 மாணவர்கள் இலவச சைக்கிளை முழுசாக மாற்றத் தேவையில்லை, பிரேக்கை மட்டும் பாருங்க. கம்பி பிரேக் உள்ள பழைய மாடல்களில் கட்டை ரிம்மின் உட்புறத்தை அழுத்தும். அதற்கு சாதாரண அலுமினிய ரிம் சேராது. கட்டையை தேயும் முன்பே மாற்றிவிடுவதுதான் வழி.