ஒரு பக்கப் பீனிசமும் தாடை நீர்க்கட்டியும்

மூக்கின் ஒரு பக்கம் மாத்திரம் அடைபடுகின்றது. அதே பக்கத்துக் கன்னம் பாரமாக இருக்கின்றது. இடைக்கிடையே துர்நாற்றத்துடன் சளி வடிகின்றது. இதனைப் பீனிசம் என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொள்கின்றோம். ஆவி பிடிப்பதிலும் நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளை விழுங்குவதிலும் மாதங்கள் கழிகின்றன. ஆனால் ஒரே பக்கத்தில் நிலைத்து நிற்கும் பீனிசத்தின் மூலம் மேற்றாடைப் பல்லில் இருக்கக்கூடும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

மேற்றாடை என்பினுள் இருபுறமும் காற்றறைகள் உள்ளன. 1651 இல் ஆங்கிலேய வைத்தியர் நதானியேல் ஹைமோர் விரிவாக விபரித்த இவ்வறையின் தளத்துக்கும் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கும் இடையே சிலரில் கடதாசி போன்று மெல்லிய என்பே காணப்படுகின்றது. அங்கு உருவாகும் நீர்க்கட்டி, தடை குறைந்த காற்றறையை நோக்கியே வளர்கின்றது. உள்ளே இடம் இருக்கும் வரை வலியோ வீக்கமோ வெளியே தெரிவதில்லை. வேறு தேவைக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தில் தற்செயலாக அகப்படுபவையும் உண்டு.

பழுதடைந்து உயிரிழந்த பல்லின் வேர் நுனியில் தோன்றும் கட்டியே சாதாரணமானது. முளைக்காத பல்லின் முடியைச் சூழ்ந்து வளர்வது இன்னொன்று. அது ஞானப்பல்லைக் கட்குழியின் அடித்தளம் வரை தள்ளிச் சென்ற சந்தர்ப்பங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. மூன்றாவது, 1956 இல் பிலிப்சன் பெயரிட்ட கெரட்டின் நீர்க்கட்டி. உலக சுகாதார ஸ்தாபனம் 2005 இல் இதனைக் கழலை வகையில் சேர்த்து, 2017 இல் மீண்டும் நீர்க்கட்டி வகைக்கே மாற்றியது. நிபுணர்களையே தடுமாற வைத்த நோய் இது எனலாம்.

வகையை அறியாது சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. காற்றறையின் மென்சவ்விலேயே தோன்றும் சாதாரண சளிக்கட்டிக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. பல்லிலிருந்து வந்த கட்டியாயின், அது மேலே தள்ளிய மெல்லிய என்புக் கோட்டை சீ.ரீ. ஸ்கேனில் காணலாம். பல்லுக்கு உயிர் உள்ளதா எனச் சோதிப்பதும் அவசியம். எனினும் அமெலோபிளாஸ்டோமா என்னும் கழலையும் படத்தில் நீர்க்கட்டி போன்றே தோன்றக்கூடும். ஒரு பக்க மூக்கடைப்புக்குப் புற்றுநோயும் காரணமாகலாம். எனவே இழையப் பரிசோதனையே இறுதித் தீர்ப்பாகும்.

சாதாரண கட்டிகளை உறையுடன் முழுமையாக அகற்றி, காரணமான பல்லைப் பிடுங்கினால் அல்லது வேர்ச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் போதுமானது. காற்றறையில் கிருமி தொற்றியிருப்பின் காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணர் மூக்கின் வழியே அகநோக்கியைச் செலுத்தி அதனைச் சுத்தம் செய்வார். மிகப் பெரிய கட்டியாயின் முதலில் சிறு துவாரமிட்டு, குழாய் பொருத்தி, பல மாதங்கள் கழுவிச் சுருங்கச் செய்து பின்னர் அகற்றுவர். நோயாளியின் பொறுமையைச் சோதிக்கும் வழிதான். ஆயினும் பற்களும் என்பும் காப்பாற்றப்படுகின்றன.

கெரட்டின் கட்டியின் உறையோ எளிதில் கிழியக்கூடியது. எஞ்சும் சிறு துணுக்கிலிருந்தும் அது மீண்டும் வளரும். பெரும்பாலானவை முதல் ஐந்து வருடங்களுக்குள் திரும்புகின்றன. பத்து வருடங்களின் பின்னர் திரும்பியவையும் உண்டு. இளவயதில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் தோன்றின் கோர்லின் நோய்க்குறித்தொகுதி எனும் பரம்பரை நோயையும் ஆராய வேண்டும். ஆகவே வலியில்லை என்பதற்காக வருடாந்தப் பரிசோதனையை நிறுத்திவிடலாகாது. ஊர் மாறிச் செல்வோர் பழைய எக்ஸ்ரே படங்களையும் இழையப் பரிசோதனை அறிக்கையின் பிரதியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். புதிய வைத்தியர் முதலில் கேட்பது அவற்றையே.