தலைமாட்டில் என்ன வைப்பது?

மொன்றியல் தளபாடக் கடைகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் சின்ன மேசைக்குத் 'தாப்ல் து ஷெவே' என்று எழுதியிருப்பார்கள். ஷெவே என்றால் கட்டிலின் தலைப்பக்கம். தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. அதாவது எங்களிடம் 'தலைமாடு' என்று ஒரு சொல் இருப்பதுபோல பிரெஞ்சுக்காரரிடமும் ஒன்று இருக்கிறது. மனதுக்கு மிகவும் பிடித்த புத்தகத்தை அவர்கள் 'லீவ்ர் து ஷெவே', தலைமாட்டுப் புத்தகம் என்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் நானும் தலைமாட்டு மேசை என்றே எழுதுகிறேன்.

இந்த மேசை தொடக்கத்தில் அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வீடுகளில் இரவில் சிறுநீர் கழிக்கும் பாத்திரத்தை மறைத்து வைக்கும் சின்ன அலுமாரியாகத்தான் அது கட்டிலருகே நின்றது. கழிப்பறை வீட்டுக்குள் வந்த பிறகு அந்த வேலை போய்விட, விளக்கும் புத்தகமும் மிஞ்சின. எங்கள் ஊர் வீடுகளில் இப்படி ஒரு மேசையே கிடையாது. பாயை விரித்தால் தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர், பக்கத்தில் மூக்குப்பேணி, சுவர் மாடத்தில் விளக்கு. அப்பு படுக்கும் சாய்மனைக் கதிரைக்குக் கீழே படிக்கம். அவ்வளவுதான்.

பிறகு எங்கள் தலைமாட்டுக்கு இன்னொரு பொருள் வந்து சேர்ந்தது. ஆவணப் பை. பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை, காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், கொஞ்ச நகை. செல் சத்தம் கேட்டால் பிள்ளையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கவேண்டும் என்பதால் அது எப்போதும் கை எட்டும் தூரத்திலேயே இருந்தது. மண்ணெண்ணெய்த் தடைக் காலத்து ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் முதலில் தேடியதும் அந்தப் பையைத்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தில் இருந்து இரவோடிரவாக வெளிக்கிட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மொன்றியலுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் கோத்-தே-நேஜிலும் ஒரு அறையில் நாலு பேர் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்த நாட்களில் தலைமாட்டு மேசை என்பது ஊரில் இருந்து கொண்டுவந்த சூட்கேஸ்தான். மேலே மணிக்கூடு, உள்ளே பேப்பர்கள். வழக்கு முடியும்வரை, கடிதம் வரும்வரை எதையும் நிரந்தரமாக வைக்க மனம் வராது. பலர் வீடு வாங்கி 20 வருடமாகியும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை வைத்தே சமாளிப்பதைக் காண்கிறேன். வரவேற்பறைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்போம், அதை விருந்தாளி பார்ப்பார். படுக்கையறையை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்.

நான் கணக்காளன். ஒவ்வொரு பங்குனி, சித்திரையிலும் வரிப் பத்திரம் செய்ய வருகிறவர்கள் ரீ4, ரெலவே 1 எல்லாவற்றையும் ஒரு பைக்குள் இருந்து எடுப்பார்கள். 'எங்கே வைத்திருந்தீர்கள்?' என்று கேட்டால், பத்துக்கு ஏழு பேர் 'தலைமாட்டு லாச்சிக்குள்' என்பார்கள். அந்த லாச்சிக்குள் இருந்து நான் கண்டவை: தேநீர்க் கறை படிந்த நோட்டிஸ் ஒஃப் அசெஸ்மென்ற், மருந்துச் சிட்டை ஒட்டிய காணி உறுதி, ஒருமுறை, மடிப்பில் இரண்டாகக் கிழிந்த ஐ.எம்.எம். 1000.

இந்தக் கடைசிப் பேப்பரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 2002 யூன் மாதத்தின் பிற்பகுதிக்கு முன்னர் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்குக் கொடுத்த 'லாண்டிங் பேப்பர்' அது. தொலைந்தால் அதே மூலப் பத்திரத்தைத் திரும்ப அச்சடித்துத் தரமாட்டார்கள். அந்தஸ்தை உறுதிப்படுத்தும் வேறொரு கடிதத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம், அதற்குக் காத்திருக்கவும் வேண்டும். எங்கள் தலைமுறை இப்போது 65 வயதை நெருங்குகிறது. முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவுக்கு 18 வயதுக்குப் பிறகு கனடாவில் குறைந்தது 10 வருடம் வாழ்ந்திருக்கவேண்டும், முழுத்தொகைக்கு 40 வருடம். எந்தத் திகதியில் இருந்து இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கும்போது கை போவது அந்தப் பேப்பருக்குத்தான். அப்படிப்பட்ட ஒன்றைத் தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே வைப்பது நல்ல கணக்கல்ல. நெருப்புத் தாங்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்குங்கள், அல்லது வங்கியில் ஒரு பெட்டகம் எடுங்கள். எல்லாவற்றையும் ஸ்கான் செய்து பிள்ளைகளில் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள். வரிப் பேப்பர்களை ஆறு வருடம் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம், ஆனால் தலைமாட்டில் வைத்திருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சொல்வது சுலபம் என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு 82 வயது. அவருடைய மண்ணிற றெக்சீன் பை ஊரில் நாலு இடப்பெயர்வைக் கண்டது. அதை அலுமாரிக்குள் வைத்த முதல் இரவு அவர் நித்திரை கொள்ளவேயில்லை, எழும்பி எழும்பிப் போய்த் திறந்து பார்த்தார். கடைசியில் மூலப் பத்திரங்களைப் பெட்டிக்கு மாற்றி, அவற்றின் பிரதிகளைப் பைக்குள் வைத்து, பையை அவரது தலைமாட்டு மேசையின் கீழ் லாச்சிக்குள் வைத்தோம். அவருக்கு முன்னாலேயே, ஒவ்வொரு பேப்பராகக் காட்டித்தான். இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் எடுத்து எண்ணுவார். எண்ணட்டும். வயதானவர்களுக்குத் தெரியாமல் பையை அப்புறப்படுத்துகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: அது குப்பை அல்ல, அவர்களுடைய நித்திரை அதற்குள் இருக்கிறது.

சரி, பேப்பர் போன பிறகு மேசைக்கு வருவோம்.

முதலில் அளவுநாடா. மேசையின் மேற்பரப்பு மெத்தையின் மேற்பரப்புக்குச் சமமாக, அல்லது ஓரிரண்டு அங்குலம் உயரமாக இருக்கவேண்டும். பதிந்திருந்தால் படுத்தபடி கை நீட்டும்போது தண்ணீர் கொட்டும். கடையில் பார்த்து 'வடிவாய் இருக்கு' என்று வாங்கிவந்து பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் குட்டையாக நிற்பதுதான் வழமை. அகலக் கணக்கும் இருக்கிறது. குயின் கட்டில் 60 அங்குல அகலம். மொன்றியல் பழைய டூப்ளெக்ஸ், த்ரிப்ளெக்ஸ் வீடுகளில் 9 அடி, அதாவது 108 அங்குல அறை சாதாரணம். மிச்சம் 48, பக்கத்துக்கு 24. அதற்குள் 18 அங்குல மேசை இரண்டு வைக்கலாம். அறை 8 அடி என்றால் பக்கத்துக்கு 18தான் மிஞ்சும், மேசையை வைத்தபின் கட்டிலில் இறங்கி ஏறப் படாதபாடு படவேண்டும். அங்கே சுவரில் அடிக்கும் ஒரு தட்டு போதும், 8 அங்குல ஆழம் இருந்தாலே போத்தலும் கண்ணாடியும் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே சோடி மேசை இருக்கவேண்டும் என்பது கடைக்காரரின் ஆசை. உயரம் ஒன்றாக இருந்தால் போதும், மேசைகள் வேறு வேறாக இருக்கலாம்.

கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதில் எங்களுக்கு இன்னொரு சிக்கல்: வடக்கே தலை வைக்கக்கூடாது. இதை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மொன்றியல்காரர் 'வடக்கு' என்று சொல்வது உண்மையான வடக்கு அல்ல. தெருக்கள் ஆற்றை ஒட்டிப் போடப்பட்டதால் சென்-லோரான் வீதியில் வடக்கே போகிறோம் என்று நினைக்கும்போது நாங்கள் போவது வடமேற்கை நோக்கி. கோடை மாலையில் சூரியன் அந்த 'வடக்கு'ப் பக்கத்தில் மறைவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வீதிப் பெயரை நம்பிக் கட்டிலைத் திருப்பாமல் போனில் உள்ள திசைகாட்டியைப் பாருங்கள்.

திசையைவிட நான் பயப்படுவது ஹீற்றருக்கு. இங்கே சுவரின் அடியில் ஓடும் மின்சார ஹீற்றர்கள் பெரும்பாலும் யன்னலுக்குக் கீழே இருக்கும். மேசையையோ கட்டில் விரிப்பையோ அதில் முட்டவிடாதீர்கள், ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும்.

விளக்கு மஞ்சள் ஒளியாக இருக்கவேண்டும். மின்குமிழ்ப் பெட்டியில் 2700 கே என்று போட்டிருக்கும். 450 லூமன் என்பது பழைய 40 வாற் குமிழின் வெளிச்சம், வாசிக்க அது போதும். எங்கள் வீடுகளில் குசினி, கூடம், படுக்கையறை எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை ஒளி. தொகையாக வாங்கினால் மலிவு என்பதால் வரும் பழக்கம். நித்திரைக்கு அது எதிரி. கட்டிலில் நிமிர்ந்து இருக்கும்போது விளக்குக் கூட்டின் அடிவிளிம்பு கண்மட்டத்துக்கு வரவேண்டும், அப்போதுதான் குமிழ் கண்ணைக் குத்தாது. லாச்சிக்குள் ஒரு ரோர்ச் லைற். 1998 தை மாதத்துப் பனிமழையை இங்கே இருந்து கண்டவர்கள் இதை மறக்கமாட்டார்கள். கியூபெக்கில் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் மின்சாரமில்லாமல் இருந்தார்கள், சிலர் வாரக்கணக்கில். இருட்டுக்குப் பழகிய நாங்களே அந்தக் குளிரில் தடுமாறினோம்.

போனைப் பற்றி. கோடையில் ஊருக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம், மாரியில் பத்தரை. அங்கே மத்தியானம் நடக்கும் மரணம் இங்கே விடியப்புறம் மூன்று மணிக்கு மணியடிக்கும். அதனால்தான் எங்கள் ஆட்கள் போனைத் தலையணைக்குக் கீழேயே வைத்துப் படுக்கிறார்கள். தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் செய்வது ஆபத்து, அது சூடாகும். நாலைந்து நெருங்கிய இலக்கங்களை மட்டும் அனுமதித்து மற்றதெல்லாவற்றையும் இரவில் ஊமையாக்கும் வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு மேசையில் முகம் குப்புற வையுங்கள். வட்சப் குழுக்களின் காலை வணக்கம் விடியும்வரை காத்திருக்கலாம்.

வயதானவர்களின் மேசைக்கு அலங்காரம் இரண்டாம் பட்சம். இரவில் எழும்பும்போது அவர்கள் அதில் கை ஊன்றுவார்கள். ஆகவே சில்லுப் பூட்டிய மேசை வேண்டாம், பாரமானதாக, முடிந்தால் சுவரோடு திருகாணி அடித்ததாக இருக்கவேண்டும். மூடியுள்ள போத்தலில் தண்ணீர், மாரியில் ஹீற்றர் காற்று தொண்டையைக் காயவைக்கும். கண்ணாடி, பல்செற்றுக் கிண்ணம், தொட்டால் எரியும் விளக்கு. மருந்தை மருந்தகத்தில் கேட்டால் நாள்வாரியாக, வேளைவாரியாகப் பிரித்த அட்டையில் போட்டுத் தருவார்கள். ஆனால் பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பூட்டுள்ள லாச்சிக்குள் இருக்கவேண்டும். காது கேட்கும் கருவியின் சின்னப் பற்றரியும் அப்படியே. மேல் லாச்சியில் ஒரு பேப்பர் ஒட்டிவையுங்கள்: மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, சுகாதார அட்டை இலக்கம், பிள்ளையின் ரெலிபோன் இலக்கம். பிரெஞ்சில். அம்புலன்ஸில் வருகிறவருக்கு அம்மாவின் தமிழ் விளங்காது, அந்த நேரத்தில் எங்களுக்கும் வாய் வராது. அவசரத்துக்கு 911, 'இதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா' என்று தாதியிடம் கேட்க 811. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இனித்தான் வடிவு. அதற்கு அதிகம் சொல்ல இல்லை. உயரமாக ஒன்று (விளக்கு), நடுத்தரமாக ஒன்று (படம் அல்லது சின்னப் பூச்சாடி), தட்டையாக ஒன்று (புத்தகம்). சில்லறை, மோதிரம், சாவி போன்றவற்றுக்கு ஒரு சின்னத் தட்டம். மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கவேண்டும், கணக்கில் நாங்கள் கைவசம் காசு விடுவதுபோல. பித்தளைச் செம்பு இன்னும் வீட்டில் இருந்தால் அதைத் தண்ணீருக்கோ பூவுக்கோ பாவியுங்கள். விளக்கு வெளிச்சம் பித்தளையில் விழும் வடிவு கடையில் வாங்கும் எந்தக் கண்ணாடிச் சாடிக்கும் வராது. படுக்க முன் பூசிக்கொள்ளும் திருநீற்றுக்கு மூடியுள்ள டப்பா, இல்லாவிட்டால் விடியற்காலையில் அது தலையணையெல்லாம் இருக்கும். போரில் இழந்தவர்களின் படத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறவர்கள் பலர். அதை எங்கே வைக்கவேண்டும் என்று யாருக்கும் சொல்ல எனக்கு உரிமையில்லை. நல்ல சட்டம் போட்டு, மருந்துப் போத்தல்களுக்குப் பின்னால் மறையாமல் வையுங்கள்.

வாங்குவது பற்றி ஒரு சொல். யூலை 1ஆம் திகதி இந்த நகரமே வீடு மாறும். ஒழுங்கைகளிலும் நடைபாதைகளிலும் நல்ல மரத் தலைமாட்டு மேசைகள் அனாதையாக நிற்கும், ஆசை வரும். எங்களில் பலரின் முதல் தளபாடமே அப்படி வந்ததுதான். ஆனால் இப்போது மூட்டைப்பூச்சிக்குப் பயப்படவேண்டும். பிளைவுட்டின் பிளவுகள், திருகாணி ஓட்டைகள், லாச்சியின் அடிப்பக்கம், பின்தட்டு எல்லாவற்றையும் வெளியில் வைத்தே ரோர்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளி கண்டால் தொடாமல் வந்துவிடுங்கள். துணி, பஞ்சு வைத்த எதையும் எடுக்கவேவேண்டாம். கடையில் வாங்கினாலும் லாச்சியை முழுதாக வெளியே இழுத்துப் பார்க்கவும். பாதி திறந்ததும் மேசை முன்னால் சரிந்தால் அது பாரம் தாங்காது. லாச்சி இரண்டு இருப்பது நல்லது, கீழது கொஞ்சம் ஆழமாக, ஒரு றெக்சீன் பை கொள்ளும் அளவுக்கு.